வீட்டுப் போக்கருக்குக் காய் எத்தனை, எந்த மதிப்பில்?

தங்கச்சிமடத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். மீன்பிடித் தடைக்காலத்தில் படகு கரையில் கிடக்கும்போது சொந்தக்காரர்கள் எட்டுப் பேர் சேர்ந்து வீட்டு மாடியில் போக்கர் ஆடப் போகிறார்களாம். பிளைண்ட் (சீட்டைப் பார்க்கும் முன்பே இரண்டு பேர் கட்டாயமாக வைக்கிற பந்தயம், ஒன்று சின்னது, ஒன்று பெரியது) 1 ரூபாயும் 2 ரூபாயும், ஆளுக்கு 200 ரூபாய் போட்டு உட்காருவது. "300 காய் (போக்கர் சிப்ஸ்) உள்ள பெட்டி போதுமா, 500 வாங்கணுமா, எந்த நிறத்துக்கு என்ன மதிப்பு வைக்கிறது?" இதுதான் கேள்வி.

300 போதும் தம்பி. ஆனால் கடையில் விற்கிற எல்லா 300-ம் போதாது. பெட்டியின் மேலே பெரிதாக அச்சடித்திருக்கிற மொத்த எண்ணிக்கையை வைத்து எதுவும் தெரியாது, உள்ளே எந்த நிறம் எத்தனை இருக்கிறது என்று எண்ணிப் பார்க்க வேண்டும். பாம்பனில் எங்கள் வீட்டு மேசைக்கு நான்தான் பல வருஷமாகக் கணக்குப்பிள்ளை. ஆட்டம் நின்று நின்று போன ராத்திரிகளில் பெரும்பாலும் காய் மொத்தத்தில் ஏராளமாக இருந்தது, சில்லறைதான் இல்லை.

காய் என்று நான் சொல்வது சிப்ஸைத்தான். "சிப்ஸ் எங்கே" என்று கேட்டால் எங்கள் வீட்டில் தட்டில் உருளைக்கிழங்கு வறுவல் வந்து நிற்கும், அதனால் காய் என்றே பழகிவிட்டது. ஆரம்பத்தில் எங்களிடம் இருந்தது சோழியும் புளியங்கொட்டையும்தான். புளியங்கொட்டை ஒரு ரூபாய், சோழி பத்து ரூபாய். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. மூன்றாவது நாள் ஆட்டம் முடிந்து எண்ணினால் நான் கொடுத்ததைவிடப் பதினொரு சோழி அதிகமாக இருக்கிறது! கடற்கரையிலிருந்து நூறு காலடித் தூரத்தில் வீட்டை வைத்துக்கொண்டு, கரையில் ஒதுங்குகிற பொருளைக் காசு என்று அறிவித்த முட்டாள்தனம் என்னுடையது. யார் பொறுக்கி வந்தார்கள் என்று இன்றுவரை தெரியாது. என் மச்சான் மேல் சந்தேகம் உண்டு.

அப்புறம் நேரடியாக நோட்டை வைத்தே ஆடினோம். கச்சான் காற்று அடிக்கிற மாதத்தில் மொட்டை மாடியில் பத்து ரூபாய் நோட்டை நடுவில் வைத்துப் பாருங்கள், பாதி ஆட்டம் நோட்டைத் துரத்துவதிலேயே போய்விடும். காற்றில்லாத நாளில் புழுக்கம், நோட்டு ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு இரண்டு நோட்டு ஒன்றாகப் போய்விடும். அதற்குப் பிறகுதான் உருப்படியாகப் பெட்டி வாங்கினோம், அதையும் முதல் தடவை தப்பாகத்தான் வாங்கினோம்.

ஒன்றை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். நீங்கள் ஆடப்போவது கேஷ் கேம். அதாவது மேசையில் இருக்கிற ஒவ்வொரு காயும் அதே மதிப்புள்ள ரூபாய், எப்போது வேண்டுமானாலும் எழுந்து மாற்றிக்கொண்டு போகலாம், பிளைண்ட் கடைசிவரை அதே 1-ம் 2-ம்தான். டோர்னமென்ட் என்றால் காயில் 1000, 5000 என்று இருக்கும், அது பணமில்லை, வெறும் புள்ளி, பிளைண்டும் நேரத்துக்கு நேரம் ஏறிக்கொண்டே போகும். சந்தையில் கிடைக்கிற பல பெட்டிகள் இரண்டுக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று 500, 1000 என்றெல்லாம் அடித்து வருகின்றன. உங்கள் ஆட்டத்தில் அந்த 1000 ரூபாய்க் காய் பெட்டியை விட்டு வெளியே வரவே வராது. அதற்கும் சேர்த்துத்தான் காசு கொடுத்திருப்பீர்கள்.

இனி மதிப்பு. நான்கு போதும்: 1, 5, 25, 100. மிகச் சிறிய காய், சின்ன பிளைண்டுக்குச் சமமாக இருக்க வேண்டும், அதற்குக் கீழே எதுவும் வேண்டாம். அதற்கு மேலே ஒவ்வொன்றும் முந்தையதைப்போல நான்கு மடங்கோ ஐந்து மடங்கோ. நம் ஆட்கள் செய்கிற முதல் தப்பு, கையில் புழங்குகிற நோட்டு நாணயம் போலவே காயும் வேண்டும் என்று 1, 2, 5, 10, 20, 50, 100 என வரிசையாக வைப்பது. கடைத்தெருவுக்கு அது சரி, மேசைக்குச் சரிவராது. ஏழு நிறம் ஆகிவிடும், ஒவ்வொருவர் முன்னாலும் ஏழு குட்டி அடுக்கு, எதிலும் நாலைந்து காய்க்கு மேல் இருக்காது, எதிரில் இருப்பவரிடம் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தவுடன் தெரியாது. 5 இருக்கிற இடத்தில் 10 எதற்கு, இரண்டு 5 போட்டால் ஆயிற்று. 2 ரூபாய்க் காயும் அப்படித்தான், பெரிய பிளைண்டுக்கு இரண்டு 1 ரூபாய்க் காய்.

25 என்பது நம் காதுக்குப் புதிது, 25 ரூபாய் நோட்டு ஏது என்று இளவட்டம் கேட்கும். அமெரிக்க கேசினோ வழக்கம் அது: வெள்ளை 1, சிவப்பு 5, பச்சை 25, கறுப்பு 100. நாலணா புழங்கி வளர்ந்த எங்கள் சித்தப்பா வயசு ஆட்கள் இதை நம்மைவிட வேகமாக எண்ணுகிறார்கள், நாலு நாலணா ஒரு ரூபாய் என்பது அவர்கள் விரல் நுனியிலேயே இருக்கிறது (நாலணாக் காசு 2011 ஜூன் முடிவோடு செல்லாமல் போனது, பையன்களுக்கு அந்தக் கணக்கு பிடிபடாததில் ஆச்சரியம் இல்லை). எண் அச்சடிக்காத காயாக இருந்தால் 25-க்குப் பதில் 20 என்று வைத்துக்கொண்டாலும் குடி முழுகாது. ஆனால் எண் அச்சடித்த பெட்டிகளில் 25-தான் அதிகம் கிடைக்கும், அதனால் நான் கீழே 25 வைத்தே கணக்குச் சொல்கிறேன்.

சில்லறை ஏன் முக்கியம் என்பதற்கு 2016 நவம்பரை நினைத்துக்கொண்டால் போதும். 500-ம் 1000-மும் செல்லாது என்றாகி, கையில் புது 2000 ரூபாய் நோட்டு. நோட்டு இருக்கிறது, மீன் இருக்கிறது, 300 ரூபாய்க்கு மீன் வாங்க முடியவில்லை, மிச்சம் கொடுக்க ஆளில்லை. 200 ரூபாய் போட்டு உட்காருகிறவருக்கு இரண்டு கறுப்புக் காயைக் கொடுத்தால் மேசையில் நடப்பதும் அச்சு அசல் அதுதான்.

எந்தக் காய் எவ்வளவு வேலை செய்கிறது என்று ஒரே ஒரு ஆட்டத்தைப் பின்தொடர்ந்து பார்ப்போம். சின்ன பிளைண்ட் 1, பெரிய பிளைண்ட் 2 போட்டாயிற்று. மாப்பிள்ளை 7 ரூபாய்க்கு ஏற்றுகிறார்: ஒரு சிவப்பு, இரண்டு வெள்ளை. டீலர் பட்டனில் (சீட்டுப் போடும் முறை யாருடையது என்று காட்டுகிற வில்லை) இருப்பவர் கால் செய்கிறார், அதாவது அதே 7 ரூபாயை வைக்கிறார், பெரிய பிளைண்டும் மேலே 5 போட்டு உள்ளே வருகிறார், சின்ன பிளைண்ட் சீட்டைப் போட்டு விலகிவிட்டார். நடுவில் 22 ரூபாய். ஃபிளாப் என்கிற மூன்று பொதுச் சீட்டு நடுவில் விழுந்ததும் மாப்பிள்ளை 15, அதாவது மூன்று சிவப்பு. ஒருவர் மட்டும் கூட வருகிறார், நடுவில் 52. டர்ன் என்கிற நான்காவது பொதுச் சீட்டுக்கு 35: ஒரு பச்சை, இரண்டு சிவப்பு. அவரும் விடவில்லை, 122 ஆகிவிட்டது. கடைசிச் சீட்டுக்கு 80: மூன்று பச்சை, ஒரு சிவப்பு. மாப்பிள்ளை கையிலிருந்து போனது 137 ரூபாய், அதில் வெள்ளை இரண்டே இரண்டு, சிவப்பு ஏழு, பச்சை நான்கு. கறுப்பு ஒன்றுகூட இல்லை.

இது கொஞ்சம் பெரிதாகப் போன ஆட்டம். பெரும்பாலான ஆட்டம் ஃபிளாப்போடு முடிந்துவிடும், அங்கே வெள்ளையும் சிவப்பும்தான் போய் வரும். வெள்ளை பிளைண்டுக்கும் முதல் ஏற்றத்தின் உதிரிக்கும் மட்டும், அதற்குப் பிறகு சுமையெல்லாம் சிவப்பு மேல். ஆகவே கணக்கு இப்படி வருகிறது: வெள்ளை அளவாக, சிவப்பு தாராளமாக, பச்சை கொஞ்சம், கறுப்பு உள்ளே பணம் ஏற ஏற. முதல் தடவை நாங்கள் வாங்கிய பெட்டியில் ஐந்து நிறமும் சம அளவில் இருந்தது. பார்க்க அழகு. ஆளுக்கு ஏழெட்டு சிவப்புதான் வந்தது, இரண்டாவது சுற்றிலேயே எல்லாச் சிவப்பும் என் மச்சானிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. அதன் பிறகு 15 ரூபாய்க்குக் கால் செய்ய ஒவ்வொருத்தரும் 25-ஐப் போட்டுவிட்டு "பத்து ரூபா மிச்சம் குடு" என்று கை நீட்ட, காலை முதல் டிரிப் டவுன் பஸ் கண்டக்டர் நிலைமை ஆகிவிட்டது எனக்கு.

வெள்ளை எவ்வளவு? ஆளுக்குப் பத்திலிருந்து இருபது. வெள்ளை மேசையை விட்டு எங்கும் போவதில்லை, ஒருவரிடமிருந்து இன்னொருவரிடம் சுற்றிக்கொண்டே இருக்கும், அதனால் ஆள் கூடக் கூட அதே விகிதத்தில் வெள்ளையும் கூட வேண்டும் என்று கட்டாயமில்லை. எட்டுப் பேர் மேசைக்கு மொத்தம் 100 இருந்தால் ஓட்டலாம், 120 இருந்தால் சௌகரியம், 200 என்பது தண்டம். இன்னொன்று, வெள்ளையை எப்போதும் ஐந்தின் மடங்காகக் கொடுங்கள், 10 அல்லது 15 அல்லது 20. பெட்டியில் 100 வெள்ளை இருக்கிறதே என்று எட்டுப் பேருக்கும் 12 கொடுத்தால் 200 ரூபாயைச் சிவப்பும் பச்சையும் வைத்து நேராக முடிக்க முடியாது.

சரி, பெட்டிக்கு வருவோம். 300 காய்ப் பெட்டியில் பரவலாக இருப்பது ஒரு நிறத்தில் 100, மற்ற நான்கு நிறங்களில் ஐம்பது ஐம்பது. எண் அச்சடிக்காத காய் என்றால் இப்படிச் செய்யலாம்: வெள்ளை 1, சிவப்பு 5, நீலமும் 5, பச்சை 25, கறுப்பு 100. ஆம், இரண்டு நிறத்துக்கு ஒரே மதிப்பு. பார்க்க விநோதமாக இருக்கும், ஆனால் ஐம்பது சிவப்பை மட்டும் வைத்துக்கொண்டு எட்டுப் பேர் ஆட முடியாது. ஆளுக்கு 10 வெள்ளை, 8 ஐந்து ரூபாய், 6 பச்சை: 10, 40, 150, மொத்தம் 200. இருபத்து நான்கு காய்தான் முன்னால் இருக்கும், கொஞ்சம் வழுக்கையாகத் தெரியும், ஆனால் ஆட்டம் ஓடும். கையிருப்பில் 20 வெள்ளை, 36 ஐந்து, 2 பச்சை, 50 கறுப்பு மிஞ்சும். தோற்று மறுபடி 200 போடுகிறவருக்கு இரண்டு கறுப்பைத்தான் நீட்ட முடியும், அவர் ஜெயித்துக்கொண்டிருப்பவரிடம் சில்லறை மாற்றிக்கொள்ள வேண்டும். எண் அச்சடித்த 300 பெட்டி என்றால் இந்தத் தந்திரமும் பலிக்காது, வாங்காதீர்கள்.

500 பெட்டியில் பெரும்பாலும் 150, 150, 100, 50, 50 என்று வருகிறது. முதல் 150 வெள்ளை, அடுத்த 150 சிவப்பு, 100 பச்சை, 50 கறுப்பு. ஐந்தாவது நிறம் உங்களுக்கு வேண்டாம், பிள்ளைகள் விளையாடக் கொடுத்துவிடுங்கள். ஆளுக்கு 15 வெள்ளை, 17 சிவப்பு, 4 பச்சை: 15, 85, 100. முப்பத்தாறு காய், கைக்கு நிறைவாக இருக்கும். மறுபடி போடுகிறவருக்கு ஒரு கறுப்பும் நான்கு பச்சையும்.

எவ்வளவு தடவை மறுபடி போடுவார்கள் என்பதையும் வாங்குவதற்கு முன்பே பேசிவிடுங்கள், அதை வைத்துத்தான் கறுப்பு எத்தனை என்று தெரியும். தடைக்காலம் என்றால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது, வருமானம் இல்லை. அந்த நாளில் ஒரு ராத்திரிக்கு ஆளுக்கு மூன்று தடவைக்கு மேல், அதாவது 600 ரூபாய்க்கு மேல், உள்ளே விடாதீர்கள். எட்டுப் பேருக்கு உச்சமாக 4800. முதல் சுற்றில் 1600 போக, மிச்சம் 3200, அதாவது பதினாறு தடவை மறுபடி போடுவது. மேலே சொன்ன 500 பெட்டியில் அதற்கு 64 பச்சை, 16 கறுப்பு தேவை. கையிருப்பு 68 பச்சையும் 50 கறுப்பும். எட்டுப் பேரும் ஒரே ராத்திரியில் மூன்று தடவை போடுகிற கூத்து நடந்தால்கூடக் காய் தட்டாது.

என்னைக் கேட்டால் பெட்டியாக வாங்கவே மாட்டேன். நிறவாரியாக உதிரியாகவும் விற்கிறார்கள், பெரும்பாலும் இருபத்தைந்து அல்லது ஐம்பது உள்ள பொட்டலமாக. எட்டுப் பேருக்கு நான் வைத்திருப்பது: வெள்ளை 120, சிவப்பு 260, பச்சை 80, கறுப்பு 40. (பொட்டலக் கணக்குக்கு வராதது தெரியும், கொஞ்சம் அதிகமாக வாங்கி மிச்சத்தைத் தொலைகிற காய்க்கு மாற்றாக வைத்திருக்கிறேன். தொலையும்.) ஆளுக்கு 15 வெள்ளை, 27 சிவப்பு, 2 பச்சை. நாற்பத்து நான்கு காய், அதில் இருபத்தேழு சிவப்பு. மேசை முழுக்கச் சிவப்பாக இருக்கும், சில்லறை கேட்கிற சத்தமே வராது. ஒன்பதாவதாக யாராவது வந்து உட்கார்ந்தால், நம் ஊரில் கண்டிப்பாக வருவார்கள், அவருக்கு வெள்ளையே கிடையாது, நாற்பது சிவப்பைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் இருப்பவரிடம் மூன்று சிவப்புக்குப் பதினைந்து வெள்ளை மாற்றிக்கொள்ளச் சொல்லுவேன். மாற்றுவதை ஒரு ஆட்டம் முடிந்து அடுத்த சீட்டுப் போடுவதற்குள் முடித்துவிட வேண்டும். ஆட்டத்தின் நடுவில் ஆளாளுக்குப் பாட்-க்குள், அதாவது நடுவில் குவிந்திருக்கிற காய்க்குள், கையை விட்டுச் சில்லறை எடுப்பது மட்டும் கூடாது. எடுப்பவர் நேர்மையாகவே இருந்தாலும் பார்ப்பவர் மனசு கேட்காது. தவிர்க்க முடியாவிட்டால் டீலர் ஒருவர் மட்டும், எல்லாரும் பார்க்க, வாய்விட்டு எண்ணிக் கொடுக்கட்டும்.

நாளைக்கே மேசையைப் பெரிதாக்கி 5/10 பிளைண்ட், 1000 ரூபாய் என்று போனால் 5, 25, 100, 500. ஆளுக்கு இருபது 5, பதினாறு 25, ஐந்து 100. அதே சிவப்பு, பச்சை, கறுப்பு வேலைக்கு வந்துவிடும், வெள்ளை ஓய்வெடுக்கும். சிவப்பு நிறைய வாங்கியவருக்கு இது ஒரு லாபம். சின்ன மேசைக்கே இன்னொரு யோசனை: இரண்டு பிளைண்டையும் சமமாக வைத்துவிடுங்கள், 5-ம் 5-ம். ஆளுக்கு ஒரே காய், யார் எவ்வளவு போட்டார் என்று மறக்காது, உதிரியே வராது. 500 ரூபாய்க்கு இருபது 5, எட்டு 25, இரண்டு 100, முப்பது காயில் வேலை முடிந்தது. புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்கள் நிறைய இருக்கிற மேசைக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

நிறம் பற்றி ஒரு கதை சொல்ல வேண்டும். போன வருஷம் கரண்ட் போன ஒரு ராத்திரி, மாடியில் எமர்ஜென்சி விளக்கு வைத்து ஆடிக்கொண்டிருந்தோம். அப்போது எங்களிடமும் நீலம் 5, கறுப்பு 100. என் தம்பி முறை ஆகிற ஒருவர், ரொம்ப யோசித்து, "சரி, அஞ்சு ரூபா பாத்துடுவோம்" என்று ஒரு காயைத் தள்ளினார். அது கறுப்பு. வாயால் சொன்னது அஞ்சு, கை போட்டது நூறு. எதிரில் இருந்தவர் முகத்தில் சந்தோஷம், இவர் முகத்தில் ரத்தமில்லை. வாயால் சொன்னதுதான் முதலில் வந்தது, அதனால் அஞ்சுதான் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டேன், அன்றைக்கு ராத்திரி சோறு வரைக்கும் அந்த வாக்குவாதம் ஓடியது. மறுநாளே நீலம் அத்தனையையும் எடுத்து உள்ளே வைத்தேன். அரை வெளிச்சத்தில் நீலமும் கறுப்பும் ஒன்று, பச்சையும் நீலமும் ஒன்று, வெளிர் சாம்பலும் வெள்ளையும் ஒன்று. மேலே 300 பெட்டிக்கு நான் சொன்ன ஏற்பாட்டில் நீலமும் கறுப்பும் சேர்ந்து வருகிறது, கவனித்திருப்பீர்கள். வேறு வழியில்லாமல் சொன்னது அது, வெளிச்சமான இடத்தில் ஆடுங்கள், கறுப்புக்குப் பதிலாக மஞ்சள் கிடைக்கிற பெட்டியாக இருந்தால் அதை எடுங்கள். பெரிய காயை அடுக்குக்குப் பின்னால் மறைக்காமல் முன்னால் வைக்க வேண்டும் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

எண் இருக்கிற காயா, இல்லாததா? எண் இல்லாததை நாளுக்கொரு மதிப்பில் வைத்துக்கொள்ளலாம் என்பது வசதி. "இன்னைக்குப் பச்சை 20-ஆ 25-ஆ" என்று பத்து மணிக்குமேல் யாராவது கேட்பார்கள் என்பது தொல்லை. ஒரு அட்டையில் பெரிதாக எழுதி மேசை நடுவில் வைத்தால் தீர்ந்தது. எண்ணைத் தாளில் அடித்து ஒட்டிக்கொள்ளலாம் என்று யோசிக்காதீர்கள். நானும் ஒட்டினேன். நம் கரையின் உப்புக் காற்றுக்கும் வேர்த்த கைக்கும் ஒரு மாதம் தாங்கவில்லை, ஓரம் தூக்கி, காயும் காயும் ஒட்டி, பிசுபிசுவென்று ஆகி, கடைசியில் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தேன்.

எடையைப் பார்த்தும் ஏமாற வேண்டாம். 11.5 கிராம், 13.5 கிராம், 14 கிராம் என்று ஏற்றி ஏற்றி விற்கிறார்கள். அந்தக் கனம் உள்ளே வைத்திருக்கிற இரும்புத் தகட்டின் கனம். கேசினோவில் புழங்குகிற களிமண் கலவைக் காய் பத்து கிராமுக்குள்தான் இருக்கும், தகடு கிடையாது. கனமான காய் கீழே விழும்போது நல்ல சத்தம் வரும், அவ்வளவுதான். வீட்டுக்கு 11.5 தாராளம். பீங்கான் காய் வாங்க வசதி இருந்தால் வாங்கலாம், எண் காயோடு சேர்த்தே அச்சாகியிருக்கும், உரிய ஒன்றுமில்லை, தகடும் இல்லை, உப்புக் காற்றுக்கு அதுதான் ஏற்றது. ஆனால் 1 ரூபாய், 2 ரூபாய் பிளைண்ட் ஆட்டத்துக்கு அந்தச் செலவு செய்வது கட்டுமரத்துக்கு ஏசி வைத்த கதை.

காயின் அகலம் 39 மில்லிமீட்டர், தடிமன் மூன்று மில்லிமீட்டருக்குச் சற்று மேல், இருபது காய் அடுக்கினால் ஏறக்குறைய 66 மில்லிமீட்டர் உயரம். இந்த இருபது அடுக்குதான் என் கணக்கு முறை. முதலில் ஒரு அடுக்கைச் சரியாக எண்ணிவிட்டு, மற்றதைப் பக்கத்தில் வைத்து உயரம் பார்த்துக்கொண்டே போகலாம், ஒன்று கூடினாலும் குறைந்தாலும் விரலை மேலே தடவினால் தட்டுப்படும். ஆட்டத்துக்கு முன்னால் எல்லா நிறத்தையும் எண்ணி நோட்டில் எழுத வேண்டும், முடிந்த பிறகு மறுபடி எண்ண வேண்டும். யார் எவ்வளவு போட்டார் என்பதற்கு ஒரு பக்கம், பணம் கையில் வந்ததா ஜிபேயில் வந்ததா என்பதற்கு எதிரில் ஒரு கோடு. காய் கொடுப்பது ஒரே ஆள்தான், பணம் வாங்கிவிட்டுத்தான், தண்ணீர் குடிக்கப் போனால் பெட்டியும் கூடப் போக வேண்டும். "அப்புறம் தரேன், இப்ப ஒரு நூறு குடு" என்பதற்கு மேசையில் இடம் கொடுத்தால், கடைசியில் ஜெயித்தவருக்குக் கொடுக்கப் பணம் இருக்காது, கணக்குப்பிள்ளை கைக்காசுதான் போகும். எனக்கு ஒரு தடவை 340 ரூபாய் போயிருக்கிறது.

2025 ஆகஸ்ட்டில் ஒன்றிய அரசு இணையத்தில் பணம் கட்டி ஆடுகிற விளையாட்டுகளைத் தடை செய்து சட்டம் போட்ட பிறகு, போனில் ஆடிக்கொண்டிருந்த பையன்கள் சிலர் இப்போது வீட்டு மேசையைத் தேடி வருகிறார்கள். அவர்களில் யாராவது "ஒவ்வொரு பாட்-லயும் அஞ்சு பர்சன்ட் வீட்டுக்கு எடுத்துக்கோங்க" என்று சொல்வார்கள், ஆப்பில் பழகிய வழக்கம். தொடவே தொடாதீர்கள். நம் மாநிலத்தில் 1930-ஆம் ஆண்டின் சூதாட்டச் சட்டம் இருக்கிறது, அதில் பொதுச் சூதாட்ட விடுதி என்பதற்கான வரையறையே இடத்தை வைத்திருப்பவர் அதில் லாபம் பார்ப்பதைச் சுற்றித்தான் வருகிறது. டீக்கும் பரோட்டாவுக்கும்கூடக் காயிலிருந்து எடுக்காமல் தனியாகச் சில்லறை வசூல் செய்துவிடுங்கள். தெரியாத ஆளை உட்கார வைக்காதீர்கள், குடும்பத்துக்குள்ளேயே இருக்கட்டும்.

கடைசியாகப் பெட்டி. 500 காய் 11.5 கிராம் வீதம் ஐந்தே முக்கால் கிலோ, ஒரு நல்ல சீலா மீன் எடை. கூட வருகிற அலுமினியப் பெட்டியின் பிடி அந்த எடைக்குச் செய்தது இல்லை. எங்களுடையது ராமேஸ்வரம் பஸ்ஸில், பாம்பன் பாலத்து மேலே, நின்றுகொண்டிருந்த என் கையில் பிடி மட்டும் மிஞ்சியது. அலுமினியம் துருப்பிடிக்காது என்று கடைக்காரர் சொன்னார், வாஸ்தவம்தான், ஆனால் கீலும் பூட்டும் இரும்பு, இரண்டு வருஷத்தில் பூட்டைத் திறக்கக் கரண்டி வேண்டியிருந்தது. இப்போது மூடி போட்ட பனையோலைக் கொட்டான் நாலு வாங்கி, நிறத்துக்கு ஒன்றாகப் போட்டு வைத்திருக்கிறேன். சிவப்புக்கு மட்டும் பெரிய கொட்டான்.